இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது

ஏப்ரல் 1, செவ்வாய்

பெருநாள் சட்டிபானையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. லுஹர் தொழுதுவிட்டுக் களா நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ரமலானில் விட்டுப்போன நோன்பை அடுத்த ரமலானுக்குள் பிடித்து அடைக்க வேண்டும். வீட்டில் யாருக்கு எத்தனை பாக்கி என்று பதினேழு வருஷமாக அந்த நோட்டில் எழுதி வருகிறேன். நாளை மறுமையில் ரப்பிடம் போய் ‘மறந்துவிட்டேன்’ என்று நிற்க முடியாது.

இந்த வருஷம் நோன்பு இருபத்தொன்பது.

அவர்: 29. பாக்கி இல்லை.
பெரியவள் முனவ்வரா: 22. பாக்கி 7.
நான்: 29. பாக்கி இல்லை. (தொழுகையும் நோன்பும் இல்லாத மாதவிலக்கு நாட்கள் எனக்குப் போன வருஷத்தோடு நின்றுவிட்டன. வயசுக்கு வந்த பிறகு நான் பிடித்த முதல் முழு நோன்பு.)
சின்னவள் ருமைஸா: 29. பாக்கி இல்லை.

கடைசி வரியை எழுதும்போது கண் நிறைந்துவிட்டது. பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். ஷூ கம்பெனி சம்பளம் கொடுத்து ஓட வைத்திருக்கிற பிள்ளை. ‘ஓடுற பிள்ளைக்கு ஏது மார்க்கம்’ என்று இந்த மேலப்பாளையத்தில் என் காதுபடப் பேசியவர்கள் எத்தனை பேர். அவள் தலைத்துணியோடும் முழுக்கை முழுக்கால் உடுப்போடும் ஓடுகிறாள், நோன்பையும் விடாமல் பிடிக்கிறாள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு இரண்டு பேரீச்சம்பழம், அரைத் தம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். நாக்கை அடக்கத் தெரிந்தவள்.

ரமலான் இரவில் தராவீஹ் தொழப் போன இடத்தில் எதிர்வீட்டு ஜொஹரா மாமியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன், ‘எம் மவ இருபத்தொம்பதுக்கு இருபத்தொம்பது பிடிச்சிருவா பாருங்க’ என்று. சொன்னபடி ஆயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் ருமைஸாவின் முழங்காலுக்குக் கீழே தைலம் தேய்த்துவிட்டேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழும்போது இடது காலை இழுக்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

முனவ்வரா பிள்ளைகளோடு வந்தாள். களா நோட்டைக் காட்டி, ‘ஏளா, போன வருஷ பாக்கி ரெண்டு, இந்த வருஷம் ஏழு, எப்ப அடைக்கப் போற? உன் தங்கச்சியப் பாரு, ஒண்ணு விடல’ என்றேன்.

அவள் சிரித்தாள். ‘அதெப்படி உம்மா? அவளுக்கு இந்த நோன்புல தொழுகை இல்லாத நாளே வரலியா? உங்களுக்குத்தான் நின்னு போச்சு, அவளுக்கு வயசு இருபத்திமூணுல்லா?’

நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அச்சு கையிலேயே நின்றுவிட்டது.

‘மாத்திரை போட்டுத் தள்ளி வச்சிருப்பா’ என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். எண்ணெய் கருகியது. ஒரு ஈடு முறுக்கு வீண்.

எனக்கு ஏன் தோன்றவில்லை? இருபத்தொன்பது நாளும் என் பக்கத்துப் பாயில் நின்றுதான் தொழுதாள். நான் பெற்ற பெண்ணுக்கு மாதத்தில் ஒரு வாரம் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? நோட்டை நிரப்பும் அவசரத்தில் எனக்கு 29 மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ருமைஸா பாக்கி 6. போன வருஷம் 2. ‘ரெண்டு நாள்லயே சுத்தமாயிட்டேன் உம்மா’ என்று அப்போது சொன்னாள். பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். இந்த வருஷம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினேன்.

ஏப்ரல் 5, சனி

குளியலறைக் கூடையை இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். அலமாரியில் அவளுடைய துணி மடிப்புகளுக்கு நடுவே கைவிட்டுப் பார்த்தேன். ஜனவரியில் நான் வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. மாத்திரை அட்டை எதுவும் இல்லை.

ஆகவே மாத்திரை போட்டுத் தள்ளி வைக்கவில்லை.

பிப்ரவரி முழுவதும் பெங்களூரில் கேம்ப். அங்கே ஆண்களும் ஓடுகிறார்கள். இதற்கு மேல் என் பேனா எழுத மறுக்கிறது. யா அல்லாஹ், என் நினைப்பைப் பொய்யாக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதினால்தான் நான் செய்தது என்ன என்று எனக்கே தெரியும்.

நம் தெரு மெடிக்கலில் கேட்க முடியாது. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், முகத்தை மூடிக்கொண்டு, நாள் தள்ளிப்போன பெண்கள் வாங்கும் அந்த அட்டையை வாங்கினேன். கடைக்காரர் தாளில் சுற்றிக் கொடுத்தார். அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

அவர் தையல் கடைக்குப் போயிருந்தார். ருமைஸா பயிற்சி முடிந்து வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அவள் மடியில் அதை வைத்தேன்.

தாளைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

‘உம்மா. நீங்களா?’

‘நோன்புல ஒரு நாள்கூட உனக்கு விலகலியே ருமைஸா. நான் என்ன நெனைக்கட்டும்?’

‘எதையும் நெனைக்கலாம். இதத்தான் நெனைக்கணுமா? தெருவுல பேசுறவங்க யாரும் இந்த அளவுக்குப் பேசலியே உம்மா.’

விருட்டென்று எழுந்தாள். கால் வலியில் சுவரைப் பிடித்தாள். நான் தாங்கப் போனேன், தட்டிவிட்டாள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நான் வெளியே நின்று ஓதிக்கொண்டிருந்தேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

வெளியே வந்து அட்டையை என் கையில் திணித்தாள். ஒரு கோடு. தாளில் தமிழில் போட்டிருந்தது: ஒரு கோடு என்றால் இல்லை.

நான் அங்கேயே தரையில் விழுந்து, நன்றி சொல்லும் சுக்ரு சஜ்தா செய்தேன். தலை தூக்கியபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘சந்தோஷமா உம்மா?’ என்றாள். ‘பதினாலு மாசமா எனக்கு வரவேயில்ல. அதுக்கும் சேர்த்து ஒரு சஜ்தா செஞ்சிருங்க.’

ஏப்ரல் 7, திங்கள்

பதினாலு மாதம்.

அவள் என்னிடம் பேசவில்லை. முனவ்வராவை வரவழைத்து அவள் வழியாகக் கேட்டேன். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது, நான் வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ருமைஸா அக்காளிடம் சொல்வது கேட்டது.

‘கேம்ப்ல நெறைய பேருக்கு அப்படித்தான் லாத்தா. வரலைன்னா உடம்பு சரியான எடைக்கு வந்துட்டுன்னு அர்த்தம்னு கோச் சார் சொல்வாரு. தெனம் காலைல எடை பாப்பாங்க. நானூறு கிராம் கூடுனா சாயந்தரச் சாப்பாட்டுல கை வைக்க முடியாது.’

‘சரி, உம்மாட்ட சொல்ல வேண்டியதுதானே?’

‘எப்படிச் சொல்ல? போன வருஷம் ரெண்டு நாள்னு ஒரு பொய் சொன்னேன். ஒண்ணுமே வரலைன்னா சந்தேகப்படுவாங்கன்னு ரெண்டு நோன்ப விட்டேன். அதுக்கு நட்சத்திரம் போட்டாங்க. இந்த வருஷம் தராவீஹ்ல எல்லார் முன்னாலயும் எம் மவ இருபத்தொம்பதும் பிடிச்சிருவான்னுட்டாங்க. நான் ஓடுறதுக்காக நம்ம உம்மா பத்து வருஷமா ஊர் வாயில விழுந்து கெடக்காங்க. அவங்களுக்குன்னு இருக்கிறது அந்த நோட்டு ஒண்ணுதான். அதுல நான் போயி என்னத்தச் சொல்ல?’

கையில் வெங்காயம் இருந்ததால் முனவ்வரா வெளியே வந்தபோது என் கண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

டாக்டர் எஸ்தர் அம்மாவிடம் போனோம். என்னோடு வர மாட்டேன் என்றவளை முனவ்வராதான் இழுத்து வந்தாள்.

டாக்டர் முதலில் கேட்டது காலைப் பற்றியல்ல. ‘கடைசியா எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துச்சா?’ ருமைஸாவுக்குத் தேதி தெரியவில்லை. நான் பையிலிருந்து களா நோட்டை எடுத்தேன். எதற்காக எடுத்துப் போனேன் என்று தெரியாது, எங்கே போனாலும் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு நோட்டு வேண்டும்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ‘இது என்னதும்மா?’

விளக்கினேன். ஆறு நாள் விலகிய வருஷம். இரண்டு என்று பொய்யாக எழுதிய வருஷம். ஒன்றுமில்லாத வருஷம்.

‘இந்த நோட்டுல ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. நீங்க நல்லதுன்னு நெனைச்சிருக்கீங்க.’ திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். காலுக்கும் எலும்புக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இடது கால் எலும்பில் மயிரிழை போல விரிசல். அது ஆறிவிடும் என்றார் டாக்டர். மற்றதைச் சொல்லத்தான் தயங்கினார்.

‘உங்களுக்கு என்ன வயசும்மா?’

‘அம்பத்திரெண்டு.’

‘இவ முதுகெலும்பும் இடுப்பெலும்பும் உங்க வயசுக்காரங்களோடது மாதிரி இருக்கு. ஓடுற ஓட்டத்துக்கு இவ சாப்பிடுறது பத்தல. உள்ளே போறது கொஞ்சம்னா உடம்பு எதை நிறுத்தலாம்னு பாக்கும். மொதல்ல இதை நிறுத்தும். இது நின்னா எலும்புக்குப் போற சத்தும் போயிரும்.’

நானும் என் மகளும் மட்டும் இந்த வருஷம் முழு நோன்பு என்று பெருமைப்பட்டேனே. ஒரே காரணத்தால்தான் இரண்டு பேருக்கும் முழுசாயிற்று. எனக்கு அல்லாஹ் வகுத்த வயதில் நின்றது. அவளுக்கு இருபத்திரண்டில்.

மூன்று மாதம் ஓடக் கூடாது. நோன்பும் வைக்கக் கூடாது. மூன்று வேளையும் நடுவில் இரண்டு வேளையும் சாப்பிட வேண்டும். ‘அப்புறம் ஓடலாமா?’ என்று ருமைஸா கேட்டாள். ‘அது வரட்டும், பிறகு பேசலாம்’ என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு: ‘மே நாலாம் தேதி பந்தயம் இருக்கு. அதுல ஓடலைன்னா கம்பெனி அக்ரிமென்ட் முடிஞ்சிரும். அத மட்டும் ஓடிக்கிறேன்.’

இன்று ஜும்ஆ. அவர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

நேற்றே அவரிடம் சொன்னேன். மனுஷர் நேரே கடைக்குப் போய் அளவு நோட்டை எடுத்து வந்தார். ருமைஸாவின் ஓட்ட உடுப்பெல்லாம் அவர்தான் தைப்பார், ஆனால் பெண்பிள்ளைகளுக்கு அளவு எடுத்து எழுதுவது நான்.

‘படி’ என்றார்.

இடுப்பு 27. அடுத்த வருஷம் 25½. இந்த ஜனவரியில் 24. எல்லாம் என் கையெழுத்து. 24க்கு அடியில், ‘பழைய சட்டையைப் பிடித்துத் தைக்கவும், துணி மிச்சம்’ என்று குறிப்பு வேறு.

என் பெயரைச் சொல்லிப் பேசினார். ‘நான் பிடிச்சுத் தைக்கும்போது நெனைச்சேன், செய்தலி. பிள்ள இப்படி உருகுறாளேன்னு. உங்கிட்டச் சொல்லுவோம்னு பாத்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியா, சொல்ல வாய் வரல.’

இரண்டு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. முனவ்வராவின் பிள்ளை அவற்றின்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறது. தூக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

கோச் தனபால் சாருக்குப் போன் போட்டேன். இவ்வளவு வருஷத்தில் அவரோடு நான் பேசுவது மூன்றாம் தடவை. எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வேற்று ஆணிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்கேனைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அவரே சொன்னார். ‘மென்சஸ் நிக்கிறதச் சொல்றீங்களாம்மா? அது ஒண்ணுமில்ல. நம்ம குரூப்ல ஒம்பது பிள்ளைங்க, ஏழு பேருக்கு அப்படித்தான். ரிசல்ட் வரும்போது இப்படித்தான் இருக்கும். ருமைஸா பெஸ்ட் டைமிங்ல இருக்கா, இப்பப் போய் நிறுத்தாதீங்க. கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிரும்.’

எந்த வெட்கத்தால் நான் இரண்டு நாள் தூங்காமல் வார்த்தை தேடினேனோ, அதை இந்த மனிதர் பால் கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டார். ஏழு பேர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறார்.

‘அந்த ஏழு பேரோட உம்மாமாருக்குத் தெரியுமா சார்?’ என்று கேட்டேன்.

லைனில் விசில் சத்தம் கேட்டது. அப்புறம் ‘கிரவுண்ட்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்’ என்றார்.

அவரும் என்னைப் போலத்தான். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, அதிலும் நட்சத்திரம் போடுகிறார். இப்படி நினைத்ததும் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பைத் தெருவே வைக்கிறது. லுஹருக்குப் பிறகு ஜொஹரா மாமி கருவேப்பிலை கேட்டு வந்தார்கள். ருமைஸா தட்டில் சோறும் மீனும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியைக் கண்டதும் தட்டைப் பின்னால் தள்ளினாள்.

‘என்னளா செய்தலி, ஒம் மவ ஆறு நோன்பு வைக்கலியா? இருபத்தொம்பதுக்கு இருபத்தொம்பதுன்னே, ஆறுக்கு ஆளக் காணோம்?’

வழக்கமாக என் வாய்க்குப் பதில் தேட வேண்டியதில்லை. இன்று கொஞ்சம் தேடினேன்.

‘வைக்கல மாமி. இருபத்தொம்பதும் வச்சிருக்கக் கூடாது. ஒடம்பு முடியாம இருந்திருக்கா, நான் பாக்காம போயிட்டேன். இனி டாக்டர் சொல்ற வரைக்கும் பகல்ல சாப்பிடுவா.’

‘ஓடாம கெடந்தா ஒடம்பு ஏன் கெடுது?’

‘ஓடுனதால கெடல மாமி. சாப்பிடாம ஓடுனதால கெட்டுச்சு.’

தட்டை எடுத்து மறுபடி அவள் முன்னால் வைத்தேன். இன்னொரு துண்டு மீன் போட்டேன். மாமி கருவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ருமைஸா தலை நிமிராமல் சாப்பிட்டாள். முள்ளை மட்டும் விட்டு முழுசாக.

ஏப்ரல் 19, சனி

விடிந்து பார்த்தால் ஷூவும் இல்லை, அவளும் இல்லை. எட்டு மணிக்கு ஆட்டோவில் வந்தாள். நாலு சுற்றுதான் ஓடினாளாம். கால் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்துக் கட்டினேன். திட்டினால் மறுபடி போவாள் என்று தெரியும், திட்டவில்லை.

களா நோட்டைத் திறந்து அவள் கண் முன்னாலேயே ‘ருமைஸா: 29’ என்பதற்குப் பக்கத்தில் இருந்த ‘பாக்கி இல்லை’ என்பதை அடித்தேன். எழுதினேன்: ‘உடம்புக்கு முடியாதபோது பிடித்த நோன்பு. அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி வைத்திருந்தது நான். பாக்கி என்னுடையது.’

பதினேழு வருஷத்தில் அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அவளுக்கு அது தெரியும்.

‘எதுக்கு உம்மா அடிச்சீங்க?’ என்றாள். பத்து வயசில் முதல் பந்தயத்தில் விழுந்து முட்டி பெயர்ந்து வந்தபோது அழுத மாதிரி அழுதாள். நான் தலையைத் தடவினேன். தலைமுடி என் கையோடு வந்தது. அதையும் இவ்வளவு நாள் சீப்பிலிருந்து எடுத்து எறிந்துகொண்டுதான் இருந்தேன்.

மாலையில் அவளாகவே தனபால் சாருக்குப் போன் செய்தாள். ‘சார், மே பந்தயத்துல நான் இல்ல’ என்றாள். அவர் ஏதோ நீளமாகப் பேசினார். ‘தெரியும் சார். போனா போகட்டும்’ என்று வைத்துவிட்டாள்.

மே 4, ஞாயிறு

இன்று பந்தயம். ருமைஸா முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஒரு காம்பு விடவில்லை.

மே 20, செவ்வாய்

கம்பெனியிலிருந்து இரண்டு வரிக் கடிதம். அக்ரிமென்ட் முடிந்தது. இதுவரை ஓடியதற்கு நன்றி என்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த ஷூவைத் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். ஜொஹரா மாமி நாகர்கோவிலில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். ‘எம் மவளுக்குக் கால் ஆறட்டும்’ என்று சொல்லியனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ருமைஸாவோடு ஓடுகிற மாரிச்செல்வி பார்க்க வந்தாள். குச்சி மாதிரி இருக்கிறாள். சோறு போட்டேன். ‘போதும் அத்தை, போதும் அத்தை’ என்று தட்டை மறைத்தாள்.

‘செல்வி, ஒனக்கு எத்தன மாசமாச்சு?’ என்று கேட்டேன். நேராகவே கேட்டேன். என் வாயா இது என்று எனக்கே அதிர்ச்சி.

ருமைஸாவைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, ‘ரெண்டு வருஷம் அத்தை’ என்றாள்.

டாக்டர் எஸ்தர் அம்மாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவளுடைய அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டேன். மீதி ஐந்து பேருடையதையும் ருமைஸா தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 24, வியாழன்

விரிசல் ஆறிவிட்டது. பத்து நிமிஷம் மெதுவாக ஓடலாம், நடுவில் நடக்க வேண்டும். கால்வாய்க் கரையில் ஓடினாள். அவர் சைக்கிளில் பின்னால் போனார். பத்து நிமிஷம் முடிந்ததும் பெல் அடித்தாராம், அவள் நிற்கவில்லையாம், சைக்கிளைக் குறுக்கே விட்டாராம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மற்றது இன்னும் வரவில்லை. டாக்டர் பொறுங்கள் என்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வழக்கம்போல இரண்டு பாய் விரித்தேன். ருமைஸா அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

‘வா, நேரமாவுது.’

‘நீங்க தொழுங்க உம்மா.’ ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொண்டு நின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. ‘எனக்குத் தொழுகை இல்ல.’

அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நான் சொல்லியிருக்கிறேன், முனவ்வரா சொல்லியிருக்கிறாள், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சலித்துக்கொள்ளும் வார்த்தை. இன்று கேட்டதும் பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

‘எப்பளா?’

‘இப்பத்தான். கொஞ்சமாத்தான்.’

அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நான் மட்டும் தொழுதேன். கடைசி சஜ்தாவில் வெகுநேரம் கிடந்தேன்.

தொழுது முடித்ததும் உளுந்தை வறுத்துத் திரித்துக் களி கிண்டினேன். கருப்பட்டி, கை தாராளமாக நல்லெண்ணெய். அவள் வயசுக்கு வந்தபோது கிண்டிய அதே வாணலி. அவர் பள்ளிவாசலிலிருந்து வந்து வாசனை பிடித்துவிட்டு, ‘என்ன இன்னைக்கு, உளுந்தங்களி?’ என்றார்.

‘சாப்பிடுங்க.’

என்னைப் பார்த்தார். அறைக்கதவைப் பார்த்தார். இரண்டு உருண்டை தின்றார். கை கழுவப் போகும்போது, ‘அவ சட்டையில தையல் விட்டுக் குடுக்கணும்னா இன்னைக்கே அளவு எடுத்து வை’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்தேன். இடுப்பு 26. ருமைஸா டேப்பைக் குனிந்து பார்த்து, ‘சரியா எழுதுங்க உம்மா’ என்றாள். வாயில் களி.